சுடாத இடியன்

போன வருடம் வைகாசி மாதம் ஒரு நாடக வாத்தியார் என் பட்டறைக்கு வந்து, "அண்ணை, ஒரு துவக்கு செய்து தர ஏலுமோ?" என்று கேட்டார். பக்கத்தில் கதிரைக்கால் தேய்த்துக்கொண்டிருந்த பெடியன் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். திருகோணமலையில் இப்படி ஒரு கேள்வியை அவ்வளவு சத்தமாகக் கேட்கக்கூடாது. நான் முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்டேன்.

பள்ளிக்கூட நாடகமாம். 1782 இல் நடக்கும் கதை. அந்த ஒரு வருடத்தில் எங்கள் கோட்டை பட்ட பாடு கொஞ்சமல்ல. தை மாதம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆவணி முடிவதற்குள் பிரெஞ்சுக்கார சுஃப்ரன் கப்பல்களோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார், கொஞ்சக் காலத்தில் அது திரும்பவும் ஒல்லாந்தர் கைக்கே போனது. கொடிதான் மாறியது, கோட்டைக்குத் தண்ணீர் சுமந்தவன் மாறவில்லை என்பதுதான் வாத்தியாரின் நாடகம். அதில் ஒரு ஒல்லாந்தக் காவலன் வருகிறான். அவன் கையில் இருக்க வேண்டிய சாமானின் படத்தைக் கைபேசியில் காட்டினார். கட்டையான துவக்கு. வாய் மட்டும் நாதஸ்வரத்தின் அணசு மாதிரி விரிந்திருந்தது. பிளண்டர்பஸ் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே சாமானை அதற்கு முந்தின மாரியில் என் அத்தான் கனடாவில் தன் கராஜில் செய்து முடித்திருந்தார். அங்கே அது பெட்டியில் வருகிறது. குழாய், பொறி, முக்கால்வாசி செதுக்கிய கட்டை, பித்தளைச் சாமான்கள், ஒரு பை நிறைய ஆணிகள். மிச்சத்தை நாமே செதுக்கி, தேய்த்து, பூட்டிக்கொள்ள வேண்டும். மரவேலை தெரியாத மனுசன் என்பதால் ஒரு மாரி முழுக்க எனக்கு அழைப்பெடுத்து, "தம்பி, உளி இப்பிடி வழுக்குது, என்ன செய்ய?" என்று கேட்டபடி இருந்தார். இப்போது என்னுடைய முறை. எனக்கு இரவு ஒன்பது மணி, அவருக்குக் காலை பதினொன்றரை. பட்டறை மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்ப்பேன்.

முதல் நாளே அவர் சொன்ன ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. பிளண்டர்பஸ் என்பது ஒல்லாந்தச் சொல்லை ஆங்கிலேயர் வாயில் போட்டு மென்றதால் வந்தது. மூலம் டொண்டர்புஸ். டொண்டர் என்றால் இடி, புஸ் என்றால் குழாய்த் துவக்கு. இடித்துவக்கு! நாங்கள் தம்பலகாமத்தில் குழாயின் வாய்வழி வெடிமருந்து போட்டு இடிக்கிற துவக்கை இடியன் என்றுதான் சொல்வோம். அவர்களுடையது வானத்து இடி, எங்களுடையது உலக்கை இடி. ஆனாலும் ஒரே சொல்லில் வந்து முட்டுகிறது பாருங்கள்.

அப்பப்பாவிடம் ஓர் இடியன் இருந்தது. உரிமம் எடுத்த துவக்கு, வயலுக்குப் பன்றி வராமல் காவல் இருக்க. அதில் சிக்கிமுக்கிக் கல் கிடையாது, கேப்பு என்கிற சின்ன வெடிமூடி வைத்து அடிக்கிற வகை. மருந்தைப் போட்டு, தேங்காய்த் தும்பை உருட்டித் திணித்து, கம்பால் இடித்து, சன்னம் போட்டு, மேலே இன்னொரு தும்பு. நான் பார்த்த வரையில் அவர் அதைச் சுட்டதைவிடத் துடைத்ததுதான் அதிகம். ஆனால் துவக்கைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, கம்பை உருவி வாய்க்குள் விட்டுப் பார்ப்பது. கம்பில் ஒரு கோடு கீறியிருப்பார். கோடு வாய்மட்டத்துக்கு வந்தால் குழாய் வெறுமை. கோடு வெளியே நின்றால் உள்ளே ஏதோ கிடக்கிறது. நேற்றுத் தானே துடைத்து வைத்திருந்தாலும் இன்றைக்கும் கம்பை விடுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பிறகு பேசவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். இப்படி ஒரு சாமான் செய்ய நினைக்கிறவர் முதலில் எடுக்க வேண்டியது உளி அல்ல, கடிதம். சுடக்கூடிய எதையும் உரிமமில்லாமல் இங்கே செய்யவோ வைத்திருக்கவோ முடியாது. 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் பழைய மாதிரித் துவக்கு என்று இரக்கம் காட்டாது. அத்தான் செய்தது அவருடைய நாட்டுச் சட்டத்துக்குள் செய்தது. அதைப் பார்த்து இங்கே ஒருவர் இரும்புக்குழாய் தேடிப் போனால் நேரே மறியல்தான். ஆகவே என்னுடையது முழுக்க மரம். குழாயும் மரம், அதுவும் உள்ளே துளையில்லாத கட்டி மரம். வாயில் மட்டும் மூன்று அங்குலம் குடைந்திருக்கும். இதை எழுதி, வரைபடம் இணைத்து, அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பொலிஸ் நிலையத்தில் ஒரு பிரதி கொடுத்து, இன்னொன்றை என் பணப்பையில் வைத்துக்கொண்டேன். மேசையில் இருந்தவர் வரைபடத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நாதஸ்வரமா?" என்று சிங்களத்தில் கேட்டார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்தில் நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அங்கேதான் முதல் அடி விழுந்தது. பழைய வீடொன்று இடித்தபோது வாங்கிப் போட்ட தேக்கு யன்னல் நிலைகள் கிடந்தன. அறுபது வருடம் காய்ந்த மரம், இனி முறுக்காது. முழு நீளம் 28 அங்குலம், அதில் குழாய் 14 என்று அத்தான் அளந்து அனுப்பியிருந்தார். அச்சுத்தாளை வெட்டிப் பலகையில் வைத்து, மரம் வீணாகாதபடி கொஞ்சம் சரித்துக் கீறி, வெட்டிச் செதுக்கி, மூன்று நாளில் வடிவம் வந்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது. நாலாம் நாள் வாத்தியார் கூட்டி வந்த பெடியன் ஒருவன் அதைத் தோளில் வைத்துப் பார்த்தான், கை நழுவிச் சீமெந்து நிலத்தில் விழுந்தது. கழுத்தில் இரண்டாக முறிந்தது.

பெடியன் அழுவது மாதிரி நின்றான். பிழை அவனுடையது அல்ல, என்னுடையது. துவக்குக் கட்டையின் மெலிந்த இடம் கை பிடிக்கிற கழுத்து. அந்த இடத்தில் மரத்தின் நார் கழுத்தின் வளைவோடு நீளவாக்கில் ஓட வேண்டும். நான் மரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்துச் சரித்துக் கீறியதில் நார் அந்த இடத்தைக் குறுக்கே வெட்டிப் போயிருந்தது. கதிரையின் பின்கால் வளைவில் இதே பிழையை ஒரு பயிற்சிப் பெடியன் செய்தால் நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன்! துவக்கு என்றதும் புதுச் சாமான் என்று நினைத்துவிட்டேன், மரத்துக்கு அது தெரியாது. அன்றிரவு அத்தானிடம் காட்டினேன். "பெட்டியில வாற கட்டையளைக் கூட முதலில நார் பாத்துத்தான் வாங்க வேணும் தம்பி. உண்மையான துவக்கெண்டா உதைப்பு முழுக்க அந்தக் கழுத்தாலதான் வரும்" என்றார். முன்னமே சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது கட்டையை நார் பார்த்துக் கீறினேன். பலகையில் பாதி வீணாகப் போனது, போகட்டும்.

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி பொருத்துவது. குழாயின் பாதி உருளை கட்டைக்குள் இறுகப் படுக்க வேண்டும். பொறித்தகடு பக்கத்தில் புதைந்து, மேல்மட்டம் மரத்தோடு ஒன்றாக நிற்க வேண்டும். மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் நகம் நுழைகிற இடைவெளி இருந்தால் சாமான் விளையாட்டுத் துவக்காகிவிடும். அளவுகோலால் இதைச் செய்ய முடியாது. அத்தான் பழகிய முறை, தகட்டின் கீழ்ப்பக்கம் கறுப்புச் சாயம் பூசி மரத்தில் அழுத்தி எடுப்பது. மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கேதான் முட்டுகிறது, அதை மட்டும் ஒரு மயிரளவு சீவ வேண்டும். திரும்பப் பூசு, திரும்ப அழுத்து, திரும்பச் சீவு. அவர் அக்காவின் லிப்ஸ்டிக்கைக்கூட இதற்குப் பாவித்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் மண்ணெண்ணெய் விளக்கின் புகையைத் தகரத்தில் பிடித்து, அந்தக் கரியில் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தேன். குழந்தைக்குப் பொட்டு வைக்கிற பதம். அதைவிடத் தடிப்பாகப் பூசினால் முட்டாத இடத்திலும் ஒட்டி ஏமாற்றும். பொறித்தகட்டுக்கு மட்டும் நாற்பது தரத்துக்கு மேல் அழுத்தி எடுத்திருப்பேன். முதல் இருபது தரம் இரண்டு மூன்று புள்ளிதான் ஒட்டும், பொறுமை போய்விடும். பிறகு புள்ளிகள் கூடும். கடைசியில் முழு இடமும் மெல்லிய கறுப்பாக வரும்போது தகட்டைக் கவிழ்த்தாலும் விழாது. அவசரப்பட்டு ஓர் உளி கூடச் சீவினால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வழியில்லை. மரத்தூளும் பசையும் வைத்து மூடலாம் என்பார்கள். மேடையில் தெரியாதுதான், எனக்குத் தெரியுமே. இந்தக் கரி முறையை இப்போது யன்னல் பிணைச்சல் புதைக்கவும் பாவிக்கிறேன், துவக்கு வேலையில் எனக்கு நின்ற இலாபம் அதுதான்.

குழாயை லேத் கடையில் கடைந்தேன். விரிந்த வாயை எவ்வளவு விரிப்பது என்பதில் வாத்தியாரோடு இழுபறி. அவருக்குப் படப்புத்தகத்துக் கொள்ளைக்காரன் வைத்திருக்கிற மாதிரிப் புனல் வேண்டும். அத்தானின் துவக்கில் விரிவு அவ்வளவு இல்லை, வெளிவிட்டம் இரண்டு அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வாய் அகலமாக இருந்தால் சன்னம் அகலமாகப் பரவும் என்று எல்லோரும் நினைப்பதுபோல் நானும் நினைத்திருந்தேன். அத்தான் காகிதத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறார். நேர்க்குழாய்த் துவக்கு பரப்புகிற அளவுதான் இதுவும் பரப்பியது. விரிவு மருந்து போடுகிறவனுக்காக. ஆடுகிற கப்பல் தட்டிலும் ஓடுகிற குதிரை வண்டியிலும் சிந்தாமல் மருந்தும் சன்னமும் போட அது ஒரு புனல். இங்கிலாந்தில் தபால் வண்டிக் காவலர்கள் இதைத்தான் வைத்திருந்தார்கள். மிச்சம் பயமுறுத்தல். அந்த ஓட்டை முகத்துக்கு நேரே வந்தால் யாருக்கும் கால் நடுங்கும். ஆணியும் கண்ணாடித் துண்டும் அள்ளிப் போட்டுச் சுடுவார்கள் என்பதும் பெரும்பாலும் கதைதான், போட்டது ஈயக் குண்டுகள். வாத்தியார் ஒருவழியாக இரண்டேகால் அங்குலத்துக்குச் சம்மதித்தார்.

கப்பல் துவக்குகளில் குழாய் பெரும்பாலும் பித்தளை, உப்புக்காற்றில் இரும்பு நிற்காது என்பதால். திருகோணமலையில் வீட்டு யன்னல் கம்பி படுகிற பாடு தெரிந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால் மரக்குழாய்க்கு முதலில் கறுப்புப் பூசி, காய்ந்தபின் பித்தளைத் தூள் கலந்த வார்னிஷைத் துணியால் தொட்டுத் தேய்த்தேன். தூரிகையால் பூசினால் சாமி சிலைக்குப் பெயின்ற் அடித்த மாதிரி வரும். துணியால் தேய்த்தால் மேடுகள் மின்னும், மூலைகள் இருண்டு கிடக்கும், பழைய சாமான் மாதிரி இருக்கும். பொறித்தகடும் கட்டையின் அடித்தகடும் உண்மையான பித்தளை, உடைந்த தாம்பாளம் ஒன்றிலிருந்து வெட்டியது. அதற்கு எங்கள் பழைய வழி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பு. தேய்த்ததும் நன்றாகக் கழுவாவிட்டால் ஓரத்தில் பச்சை பிடிக்கும். தேக்குக் கட்டைக்கு எண்ணெய் வைக்குமுன் தின்னர் தொட்ட துணியால் ஒரு தரம் துடைத்துவிடுங்கள். தேக்கின் சொந்த எண்ணெய் மேலே நின்றால் பூசுவது எதுவும் பிடிக்காது, ஒரு கிழமையானாலும் கையில் ஒட்டும்.

பொறியில் சிக்கிமுக்கிக் கல் பிடித்த கொக்கி முன்னே பாய்ந்து உருக்குத் தகட்டில் உரச வேண்டும். உண்மையான துவக்கில் அந்த உரசலில் வரும் தீப்பொறி சின்னத் தட்டில் இருக்கிற மருந்தில் விழும், அது பற்றி, பக்கத்துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்ற வைக்கும். என்னுடையதில் கொக்கி ஒரு கதவுச் சுருளியால் 'டக்' என்று விழும், வேறொன்றும் நடக்காது. கல்லுக்குப் பதில் சாம்பல் நிறம் பூசிய மரத்துண்டு.

அத்தானின் முதல் வெடியும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்ததாம். சுடுமைதானத்தில் நாலு பேர் பார்க்க நிற்கிறார்கள், இவர் கண்ணாடியும் காதடைப்பும் போட்டு, விசையை இழுத்தால் தட்டில் 'புஸ்' என்று ஒரு சுவாலை, அதோடு சரி. பக்கத்துளை அடைத்திருந்தது. அப்போது செய்யக்கூடாத ஒன்று, துவக்கைத் திருப்பி வாய்க்குள் எட்டிப் பார்ப்பது. உள்ளே ஒரு கங்கு ஊர்ந்துகொண்டிருக்கலாம். வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், அவர் நின்றார். "ஒரு நிமிஷம் எவ்வளவு நீளமெண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சது" என்றார். துளையைக் குத்தித் துப்புரவாக்கி, தட்டில் புது மருந்து வைத்து, அடுத்த இழுப்பில் வெடித்தது. தோளில் மாடு முட்டின மாதிரி ஓர் உதை, எதிரே இலக்குத் தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. அதில் போடுவது கரிமருந்து மட்டும். இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தைப் போட்டால் குழாய் பிளந்து சுடுகிறவன் கை போகும். மருந்தைக் குடுவையிலிருந்து நேரே குழாய்க்குள் கொட்டவும் கூடாது, அளவுக் குப்பியில் எடுத்துத்தான் போட வேண்டும். உள்ளே கங்கு மிஞ்சியிருந்தால் குடுவை முழுக்கக் கையிலேயே வெடிக்கும். சுட்ட அன்றைக்கே சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். சுட்ட நேரம் பத்து நிமிடம், கழுவின நேரம் ஒரு மணித்தியாலம் என்று அக்கா பின்னால் நின்று சொன்னார்.

இதையெல்லாம் கேட்ட வாத்தியாருக்கு ஆசை வந்துவிட்டது. மேடையில் சீனவெடி கொளுத்தலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். நெருப்புப் பயம் ஒன்று. இன்னொன்று, பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் எந்தச் சத்தத்துக்கு எந்தக் கட்டிலுக்குக் கீழே புகுந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். 2009 முடிந்து எத்தனை வருடமானாலும் என் அம்மா திருவிழா வெடிக்கு இன்றைக்கும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவா. நாங்கள் தவிலை வைத்தோம். காவலன் விசையை இழுக்க, தட்டுப் பக்கம் ஒளித்து வைத்த சின்ன டோர்ச் ஒருதரம் மின்னும், ஒரு நொடி விட்டுத் திரைக்குப் பின்னால் தவிலில் ஓர் அடி, அதே நேரம் மேடையோரத்திலிருந்து ஒரு பெடியன் குழலால் முகப்பவுடரை ஊதுவான். உண்மையில் மின்னலுக்கும் வெடிக்கும் இடையில் அவ்வளவு நேரம் கிடையாது, கண்சிமிட்டும் பொழுதுதான். மேடைக்கு நீட்டினோம். அந்த ஒரு நொடி இடைவெளியில் சபை மூச்சைப் பிடித்தது, ஒத்திகையில் நாங்கள் எதிர்பாராத விஷயம். பிரச்சினை சுடப்படுகிறவன்தான். தவில் அடிக்குமுன்னமே விழுந்துவிடுவான். நாலு ஒத்திகை அவனுக்கே போனது.

நாடகத்தன்று சாமானைப் பழைய சாரத்தில் சுற்றி, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்து, முச்சக்கரவண்டியில் கொண்டுபோனேன். மோட்டார் சைக்கிளில் தோளில் போட்டுக்கொண்டு போக என் உதவிப் பெடியன் ஆசைப்பட்டான். கடற்படையும் இராணுவமும் பொலிசும் இருக்கிற ஊரில் அந்த வடிவத்தை வெளியில் காட்டிக்கொண்டு போகிற அளவுக்கு எனக்கு விசர் பிடிக்கவில்லை.

நாடகம் நன்றாகப் போனது. சுடப்பட்டவன் சரியான நேரத்துக்கு விழுந்தான்.

முடிந்ததும் தம்பலகாமத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா மேடைக்குப் பின்னால் வந்தார். எழுபத்தெட்டு வயது, கண் கொஞ்சம் மங்கல். துவக்கை வாங்கினார், பாரம் பார்த்தார், கழுத்தைத் தடவினார், பொறித்தகட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகம் நுழையவில்லை, எனக்கு உள்ளே குளிர்ந்தது. பிறகு யோசிக்காமலே கீழிருந்த கம்பை உருவி வாய்க்குள் விட்டார். மூன்று அங்குலத்தில் 'டொக்' என்று நின்றது. சித்தப்பா கம்பை அப்படியே பிடித்துக்கொண்டு, வாயை மெதுவாகக் கூரைப்பக்கம் திருப்பி, பக்கத்தில் நின்ற பெடியன்களை மற்றக் கையால் பின்னுக்குத் தள்ளினார்.

"தம்பி, இதை உங்களிட்ட ஆர் தந்தது? நிரப்பிக் கிடக்கு."